நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு



"டி.எஸ்.எல்.ஆர். கேமராவா? அது போட்டோ பிடிக்கத்தானே?" என்று கேட்பவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. உண்மைதான், போட்டோவுக்கென்றே பிறந்த கருவி அது. ஆனால் 2008 ஆகஸ்டில் நிக்கான் டி90 வந்தபோது கதை மாறியது. வீடியோ எடுத்த முதல் டி.எஸ்.எல்.ஆர். அதுதான். அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. 1920-க்கு 1080 என்ற முழு எச்.டி. அளவு. ஒவ்வொரு படத்திலும் 20,73,600 புள்ளிகள்! அமெரிக்காவில் 'ஹவுஸ்' தொலைக்காட்சித் தொடரின் ஒரு முழுப் பகுதியை 2010-ல் இந்தக் கேமராவிலேயே எடுத்தார்கள். தமிழில் 2012-ல் வந்த 'வழக்கு எண் 18/9' படமும் டிஜிட்டல் ஸ்டில் கேமராவில் எடுத்ததுதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊர் ஸ்டுடியோ அண்ணன் ஒருவரிடம் முகூர்த்த நாட்களில் லைட் பிடிக்கப் போகிறேன். என் செமஸ்டர் பீஸில் பாதி அந்த வெளிச்சத்திலிருந்துதான் வருகிறது. அண்ணனிடம் இருப்பது பழைய 5டி மார்க் 2. வீடியோ பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். கண் வைத்துப் பார்க்கும் துவாரம் இருட்டாகிவிடும். பின்பக்கத் திரையில்தான் பார்க்க வேண்டும். ஒரு பைல் 4 ஜி.பி.யைத் தாண்டாது. முழு எச்.டி.யில் சுமார் 12 நிமிடத்தில் நின்றுவிடும். தாலி கட்டும் நேரத்தில் நின்றால் என்ன கதி? அதனால் கெட்டிமேளத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே அண்ணன் தானாக நிறுத்தி, மறுபடி ஓட விடுவார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் இது!

அவர் எனக்குச் சொன்ன முதல் கட்டளை: "25 பிரேம் வெச்சுக்கோ. ஷட்டர் ஐம்பதுல ஒண்ணு. மாத்தாதே. ஏன்னு கேக்காதே."

ஏன் என்று கேட்காமல் இருக்க முடியுமா? நாம் எலெக்ட்ரிகல் படித்தவர்கள் ஆயிற்றே! நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இரண்டு முறை உச்சத்துக்குப் போகிறது. ஆகவே சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு திறந்திருந்தால், ஒவ்வொரு படத்துக்கும் சரியாக இரண்டு துடிப்பு வெளிச்சம் கிடைக்கும். அறுபதில் ஒரு பங்கு என்று வைத்தால் கணக்கு உதைக்கும். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். அவ்வளவுதான் விஷயம். அண்ணனிடம் சொன்னேன். "அட, இதுக்குத்தானா!" என்று சிரித்தார். பதினைந்து வருஷமாக அவர் கைக்குத் தெரிந்திருந்தது. எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் தொழில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராவை இரவல் வாங்கி, அம்மாவும் அப்பாவும் வேலை செய்யும் தறிக்குடோனுக்குப் போனேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா தறி ஓட்டி, அப்பா தறி ஓட்டி, அந்தக் கூலியில்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவர்கள் வேலை செய்வது போல ஒரு போட்டோகூட வீட்டில் இல்லை. இருப்பதெல்லாம் கல்யாண போட்டோவும் ரேஷன் கார்டும்தான்.

அங்கே கேமராவின் குறைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சென்சார் ஒரு படத்தை மொத்தமாக எடுப்பதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை வரிசையாகப் படிக்கிறது. அதற்குள் நாடாவை அடிக்கும் மரக்கட்டை நகர்ந்துவிடுவதால், திரையில் அது ரப்பர் மாதிரி வளைந்தது. லுங்கியின் பொடிக் கட்டத்தில் வானவில் நெளிந்தது. எல்லா வரியையும் படிக்க நேரமில்லாமல் கேமரா சில வரிகளைத் தாண்டுவதால் வரும் கோளாறு அது. இதற்கு மோய்ரே என்று பெயர். பட்டுத்துணி ஒன்றின் பெயரிலிருந்து வந்த சொல்லாம். நெசவாளி வீட்டுப் பிள்ளைக்குச் சந்தோஷம்தான்!

சத்தம்தான் பெரிய பிரச்சினை. கேமராவில் உள்ள குட்டி மைக்கில் தறிச் சத்தம் மட்டும்தான் விழுந்தது. அம்மா பேசியது எதுவும் விழவில்லை. நேரிலேயே விழாது; அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்தும் கை ஜாடையிலும்தான் பேசிக்கொள்வார்கள். அதனால் வீட்டில் வைத்து மொபைலில் அம்மா குரலைத் தனியாகப் பதிவு செய்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "படிக்கிற புள்ளைக்கு கேமரா எதுக்கு சாமி?" என்றார். 50 ஹெர்ட்ஸ் கணக்கை அவருக்கும் சொன்னேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இருவது வருஷமா அந்த லைட்டுக்கு அடியிலதான் நிக்கறோம். அது மங்கி மங்கி எரியுதுன்னு ஒருத்தரும் சொல்லலியே சாமி."

அன்று முதல் கேமரா எதற்கு என்று அவர் கேட்பதில்லை. நாலு நிமிடப் படம் அது. அம்மா மூன்று தடவை பார்த்தார். "நாடா ஓடறதை நல்லா எடுத்திருக்கே" என்றார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நண்பர்களே! இப்போது மிரர்லெஸ் கேமராக்கள் வந்துவிட்டன. பழைய டி.எஸ்.எல்.ஆர்.கள் செகண்ட் ஹாண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. நாலு பேர் சேர்ந்தால் ஒன்று வாங்கலாம். நமக்கு 50 ஹெர்ட்ஸ் என்பது இரண்டு மார்க் கேள்வி. அடுத்த முறை அதை எழுதும்போது தலையைத் தூக்கி டியூப்லைட்டைப் பாருங்கள். அப்படியே அதற்கு அடியில் யார் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள்!