கழற்றிய பேடைக் கையில் கேளுங்கள்

வண்டி ஓட்டும் பெண்ணைத் தமிழ்நாடு ஏற்றுக்கொண்டு வெகு காலமாயிற்று. லஸ் முனையில் சிவப்பு விளக்கு விழும்போது சுற்றிலும் பார்த்தால் தெரியும். பள்ளிக்குப் பிள்ளையை ஏற்றிவரும் அம்மா, பூக்கூடையோடு போகும் அக்கா, வேலைக்கு ஓடும் நாம். 2018 பிப்ரவரி 24 அன்று சென்னையில் தொடங்கிவைக்கப்பட்ட அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதியை, அதிகபட்சம் 25,000 ரூபாய்வரை, மானியமாகத் தந்தது. வண்டி நம் பெயரில் வந்தது. ஸ்பேனர் நம் கைக்கு வரவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் என் ஸ்கூட்டரின் முன்சக்கரத்தில் இரும்போடு இரும்பு உராயும் சத்தம் கேட்டது. மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குத் தினமும் போகும் வழி. பின்னால் மகள் உட்கார்ந்திருப்பாள். ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். "தூசிதான் மேடம். லேடீஸ் எல்லாம் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டுவீங்க, அதான்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து என் கணவர் அதே வண்டியை அதே இடத்துக்குக் கொண்டுபோய், நான் சொன்னதையே சொன்னார். உடனே சக்கரத்தைப் பார்த்தார்கள். பேட் முழுக்கத் தேய்ந்து அடித்தகடு டிஸ்கைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு நாளும் அந்த பிரேக்கை நம்பித்தான் மகளை ஏற்றிச் சென்றேன். ஆர்.சி.யில் என் பெயர் இருக்க, பில்லை அவர் பெயருக்குப் போட்டிருந்தார்கள்.

அடுத்த செட் தேய்ந்தபோது புதுப்பேட்டைக்கு நானே போய் பேட் வாங்கினேன். தி. நகரில் ஒரு சந்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் தம்பியிடம், "நான் மாட்டறேன், நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க" என்றேன். சிரித்துவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

லீவரை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலிருக்கும் பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைக் குழாய் வழியே காலிப்பருக்குக் கடத்துகிறது. அங்கே பிஸ்டன் வெளியே நகர, இரண்டு பேட்களும் சுழலும் டிஸ்கைக் கவ்வுகின்றன. பேட் தேயத் தேய பிஸ்டன் இன்னும் வெளியே வந்து நிற்கும். அதனால் தடிமனான புதிய பேட் உள்ளே போக, பிஸ்டனை மெல்லப் பின்னே தள்ள வேண்டும். தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் ஏறும். வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும். கிரீஸ் பட்ட விரல் பேடிலோ டிஸ்கிலோ படக் கூடாது.

எல்லாம் மாட்டி முடித்து லீவரை அழுத்தினேன். எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடிவரை போய் ஒட்டியது. "பயப்படாதீங்க அக்கா, பிஸ்டன் இன்னும் பேடைத் தொடல. அழுத்திக்கிட்டே இருங்க." ஐந்தாறு அழுத்தில் லீவர் கெட்டிப்பட்டது. இதைச் செய்யாமல் வண்டியைத் தெருவில் இறக்கினால் முதல் அழுத்தில் பிரேக் பிடிக்காது.

பிடிப்பது, பிடிமானம், பிடிப்பு. தமிழில் பிரேக் பிடிப்பதற்கும் மனதின் பிடிப்புக்கும் வேர் ஒன்றுதான்.

இயந்திரத்தை நம் கையிலிருந்து தள்ளிவைத்ததற்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 22ஆம் பிரிவில், விசை தரும் இயந்திரமும் அதைக் கடத்தும் பாகங்களும் ஓடும்போது அவற்றைத் துடைக்கவோ எண்ணெயிடவோ சரிசெய்யவோ பெண்களையும் இளம் வயதினரையும் விடக் கூடாது என்றது. ஓடும் இயந்திரத்தில் தவிர்க்க முடியாத வேலையைச் சிறப்புப் பயிற்சி பெற்ற, உடலை ஒட்டிய உடை அணிந்த ஆண் தொழிலாளி செய்யலாம் என்றும் சொன்னது. அந்த உடையையும் நிர்வாகமே தர வேண்டியிருந்தது. ஆபத்து இருவருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. அவருக்குப் பயிற்சியும் உடையும் கொடுத்தார்கள். நம்மைச் சிறுவர்களோடு சேர்த்து வெளியே நிறுத்தினார்கள். அந்தப் பழக்கம் தொழிற்சாலை வாசலோடு நிற்கவில்லை.

எல்லாப் பெண்களும் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. ஆனால் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது, கழற்றிய பழைய பேடைக் கையில் வாங்கிப் பாருங்கள். தகட்டின்மேல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றனவா, டிஸ்கில் கோடு விழுந்திருக்கிறதா என்று கேளுங்கள். கிளம்பும் முன் லீவரை நீங்களே அழுத்திப் பாருங்கள். பில்லில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். வேறு பெயர் இருந்தால், உங்கள் பெயருக்கு மாற்றி எழுதித் தரும்வரை அங்கேயே நில்லுங்கள்.