மாரிக் குப்பையும் கோடைக் குப்பையும்

குப்பை என்னுஞ் சொல் பழந்தமிழிற் குவியலைக் குறித்தது. நெற்குவியலும் குப்பை எனப்பட்டது. உழவர் பேச்சில் அஃது எருவுக்கும் பெயராயிற்று. வேண்டாததென்று வீசப்படுவது என்ற பொருளே இன்று மேலோங்கி நிற்கின்றது. சொல்லின் பொருள் இவ்வாறு சுருங்கியமைக்கும் வீட்டு வாழ்க்கை மாறியமைக்கும் தொடர்பு உண்டு என்பது வடமராட்சியிலுள்ள கரவெட்டியின் வளவுகளை நோக்குவோர்க்கு எளிதிற் புலனாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையான மூன்று மாதங்களிற் பொழிந்து விடுகின்றது. ஏனைய மாதங்களிற் பெரும்பாலானவை வறண்டவை. ஆகவே வீட்டுக் கழிவும் இருவேறு இயல்பினதாகின்றது. மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்க்கும். சோளகம் வீசத் தொடங்கினால் முற்றங்கூட்டும் வேலை முடிவதேயில்லை. வைகாசி, ஆனியில் மாங்கொட்டையும் பலாமடலும் குவியும்; ஆடி, ஆவணியிற் பனம்பழம் விழும். ஐப்பசி மழை இறங்கியதும் சருகும் சமையற்கழிவும் ஒருங்கே நனைந்து சேறாகிவிடும்.

முன்னாளில் ஒவ்வொரு பருவத்துக் கழிவுக்கும் அடுத்த பருவத்தில் ஒரு வேலை காத்திருந்தது. பனையை எடுத்துக்கொள்ளலாம். களியைப் பிழிந்து பனாட்டு ஆக்கியபின் எஞ்சும் கொட்டையை ஒருவரும் எறிந்திலர். குவித்து வைக்கப்பட்ட கொட்டைகள் மாரிக்கு முன்னர்ப் பாத்தியில் அடுக்கப்பட்டன. மழை அவற்றை முளைப்பித்தது. தை, மாசியிற் பாத்தியைக் கிண்டக் கிழங்கு கிடைத்தது. பச்சையாகக் கிழித்து உலர்த்தியது ஒடியலாகவும் அவித்து உலர்த்தியது புழுக்கொடியலாகவும் சேமிக்கப்பட்டன. கிழங்கைப் பிரித்தபின் எஞ்சிய ஊமல் வெயிலிற் காய்ந்து அடுப்பை அடைந்தது. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கவும் கத்தரிச் செடிக்குத் தூவவும் பயன்பட்டது. வேலியிலிருந்து பிரித்த பழைய ஓலையோ தோட்டத்தில் எருவாகத் தாழ்க்கப்பட்டது.

இதனை முன்னோரின் ஞானம் என்று வியந்து நின்றுவிடுவது எழுதுவோர் பலரின் வழக்கம். இவ்வொழுங்கின் பின்னால் வறுமை இருந்தது. வாங்குவதற்குக் காசின்மை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகக் குனிந்து நிமிர்ந்த பெண்களின் ஓயாத உழைப்பு இருந்தது. பாத்தி கிண்டிய கைகள் ஓய்வை விரும்பியதிற் பிழையொன்றுமில்லை. பிள்ளைகள் கொழும்பிலும் கடல்கடந்தும் வாழ, ஆறு பேர் இருந்த வளவில் இன்று முதியவள் ஒருத்தி தனித்திருக்கிறாள் எனின், அவள் சருகுக்குத் தீ வைப்பதையும் குற்றமென்று கூற இயலாது.

எனினும் அத்தீயில் எரிவது இன்னதென்று அறிதல் தகும். இயற்கைக் கழிவு மக்கிக் கூட்டெருவாவதற்கு நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் ஏறத்தாழ 25 தொடக்கம் 30 பங்கு வேண்டும். ஈரம் 50 தொடக்கம் 60 வீதம் வேண்டும். மரக்கறிக் கழிவில் நைதரசனும் நீரும் மிகுதி. காபனோ அதற்கேற்ற அளவில் இல்லை. உலர்ந்த சருகின் இயல்பு இதற்கு நேர்மாறானது. மாரிக் கழிவைத் தனியே குவித்தால் காற்றுப் புகாது அழுகி நாறும். கோடைச் சருகைத் தனியே குவித்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மாரிக்கு வேண்டிய மருந்தைக் கோடையிலேயே கரவெட்டி எரித்து விடுகின்றது. அத்தீயிற் பொலித்தீனும் சேர்ந்து எரிவதால் நச்சுப்புகை எழுகின்றது. மழைக்காலத்தில் வெளியே கிடக்கும் சிரட்டையிலும் தயிர்க்கோப்பையிலும் டெங்கு நுளம்பு பெருகுகின்றது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே அழுகல்நீர் இறங்குமாயின், அது சென்று சேருமிடம் கிணறேயாகும்.

எருவின் அருமையை 2021 ஆம் ஆண்டு நாடு முழுவதற்கும் உணர்த்தியது. இரசாயன உர இறக்குமதித் தடை அவ்வாண்டு ஏப்பிரலில் அறிவிக்கப்பட்டு, மே மாதத்தில் வர்த்தமானியில் வெளிவந்து, நவம்பரிற் கைவிடப்பட்டது. சேதனப் பசளைக்குத் திடீரெனத் தேவை எழுந்தது, கையிருப்போ இல்லை. வர்த்தமானி ஒரு நாளில் வெளிவரலாம். குப்பை மக்குவதற்கு மூன்று திங்களேனும் வேண்டும். அதற்குரிய சருகைச் சேர்ப்பதற்கு ஒரு கோடை வேண்டும்.

கழிவகற்றும் கடமை பிரதேச சபைகளுக்கு உரியது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் அவற்றை அமைத்தது. கரவெட்டி, வடமராட்சி தெற்கு மேற்குப் பிரதேச சபையின் எல்லைக்குட்பட்டது. ஆண்டு முழுவதும் ஒரே வண்டி ஒரே முறையிற் சென்று வருமாயின், பருவம் தரும் வாய்ப்பு வீணாகும். மாசி தொடக்கம் ஆவணி வரை உலர்ந்த சருகை மட்டும் உரப்பைகளிற் சேர்த்து ஒரு கூரையின்கீழ் வைத்தால், மாரியில் நெல்லியடிச் சந்தையின் மரக்கறிக் கழிவோடு அதனைக் கலக்கலாம். கழிவு ஒரு கடகமெனில் சருகு இரண்டு, மூன்று கடகம் போதும். இதனால் தனித்திருக்கும் முதியவளின் முதுகுக்கும் புதிய சுமை ஏறாது. அவள் கூட்டிய சருகைப் பையிலிட்டுப் படலையில் வைத்தாற் போதுமானது. கூரையும் பைகளும் புரட்டாதிக்குள் ஆயத்தமாக வேண்டும். ஐப்பசியில் எல்லாம் நனைந்துவிடும்.