கண்காட்சிக்கு யாரை அழைத்துப்போவது?

ஹோட்டல் தொழிலுக்கான கண்காட்சிகளுக்கு இப்போது குறைவில்லை. இந்திய வர்த்தக மேம்பாட்டு அமைப்பு 1980களிலிருந்து டெல்லி பிரகதி மைதானத்தில் நடத்திவரும் 'ஆஹார்' மார்ச் மாதத்தில் ஐந்து நாள் நடக்கிறது. சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலும் கோவை கொடிசியா வளாகத்திலும் இந்தத் துறையின் கண்காட்சிகள் வந்துபோகின்றன. வசதியுள்ளவர்கள் துபாய் கல்ஃபுட்டுக்கும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மிலானில் கூடும் ஹோஸ்டுக்கும் விமானம் ஏறுகிறார்கள். எங்கே போனாலும் நம்மிடம் வழக்கம் ஒன்றுதான்: முதலாளி போவார், துணைக்கு மகனோ மைத்துனரோ போவார். ஒரு பட்டுப்புடவை எடுக்கவே நாலு பேராகக் கடை ஏறும் நாம், பத்து லட்ச ரூபாய் அடுப்பை வாங்க மட்டும் அதன் பக்கத்தில் ஒருநாளும் நிற்கப்போகாத ஒருவரை அனுப்பிவிடுகிறோம். போக வேண்டியது குழு. அதிலும் அந்த இயந்திரத்தோடு தினமும் மல்லுக்கட்டப் போகிறவர்கள் இருக்கும் குழு என்பது என் கட்சி.

காரணம், ஸ்டாலில் நாம் பார்ப்பது இயந்திரத்தின் கல்யாணக் கோலத்தை மட்டும்தான். ஜெர்மனியில் 1970களில் உருவாகி இன்று பெரிய சமையலறைகளில் எல்லாம் இடம்பிடித்திருக்கும் காம்பி ஓவனை எடுத்துக்கொள்வோம். நீராவியும் சூடான காற்றும் ஒரே பெட்டிக்குள் வேலை செய்யும். ஸ்டாலில் நிற்கும் சமையல் நிபுணர் ஒரு தட்டுக் கோழியை உள்ளே வைத்து, பேசிக்கொண்டே பொன்னிறமாக வெளியே எடுப்பார், முதலாளி மயங்கிவிடுவார். பக்கத்தில் ஹோட்டலின் எலக்ட்ரீஷியன் இருந்தால் கோழியைப் பார்க்கமாட்டார், பின்பக்கத் தகட்டைப் பார்ப்பார். நம் ஊர்களில் பலவற்றில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். நீராவி உண்டாகும் இடத்தில் அது சுண்ணாம்பாகப் படியும். அடைப்பு வரும், ஹீட்டர் போகும். தண்ணீரை மென்மையாக்கும் கருவியின் விலை இதில் சேர்ந்ததா, த்ரீ ஃபேஸில் எத்தனை கிலோவாட் இழுக்கும், ஸ்பேர் பார்ட்ஸ் எந்த ஊரிலிருந்து வரவேண்டும் என்றெல்லாம் அவர்தான் கேட்பார். பாத்திரம் கழுவும் இயந்திரமும் அப்படித்தான். கடைசி அலசலுக்கு 82 டிகிரி வெந்நீர் என்று விற்பனையாளர் பெருமையாகச் சொல்வார். உண்மையிலேயே பெருமைப்படத்தக்க விஷயம்தான். ஆனால் அதன் 50 சென்டிமீட்டர் சதுரக் கூடையில் பற்கள் வைத்திருப்பது தட்டையான பீங்கான் தட்டுகளை மனதில் கொண்டு. நம் எவர்சில்வர் டபரா கவிழ்ந்து நிற்குமா, குழித்தட்டின் மூலையில் காய்ந்த சாம்பார் போகுமா, அடிக்கும் தண்ணீரில் டம்ளர் உருண்டு ஓடுமா? பாத்திரம் தேய்க்கும் அம்மா இதைக் கூடையைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். அவரை அந்த ஸ்டாலுக்கு முன்னால் நிறுத்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

கணக்குப் பிள்ளைக்கும் அங்கே வேலை உண்டு. 2017 நவம்பர் 15 முதல் சாதாரண உணவகங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆனால் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி கிடையாது. பத்து லட்ச ரூபாய் இயந்திரத்துக்கு 18 சதவீத வரி என்றால் ஒரு லட்சத்து எண்பதாயிரமும் கடையின் செலவுதான், திரும்பி வராது. கொட்டேஷனில் 'வரி தனி' என்று அடியில் சின்ன எழுத்தில் இருப்பதை உற்சாகத்தில் இருப்பவர் கண்கள் தாண்டிப் போய்விடும்.

இதற்கு வரும் மறுப்புகளில் சில வலுவானவை. அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் ஊர் சுற்றினால் கடை என்னாவது? நியாயம்தான். எட்டு மேசை டிபன் கடையிலிருந்து ஐந்து பேர் டெல்லிக்குப் போவது பைத்தியக்காரத்தனம். அந்தக் கடைக்குத் தேவை கிரைண்டர் என்றால், புவிசார் குறியீடு பெற்ற கோவை கிரைண்டரின் ஊருக்கு முதலாளியும் மாவு ஆட்டுபவரும் ஒருநாள் போய்வந்தால் போதும். குழு என்பது தலை எண்ணிக்கை அல்ல, வாங்குகிறவரும் உழைக்கிறவரும் ஒன்றாகப் போவது. இன்னொரு மறுப்பு, அழைத்துப்போன மாஸ்டரை அங்கேயே வேறொருவர் கொத்திக்கொண்டு போய்விடுவார் என்பது. கையில் செல்போன் இருக்கும் காலத்தில் மாஸ்டரைத் தூக்கக் கண்காட்சி தேவையில்லை. தன் கருத்தைக் கேட்டு அடுப்பு வாங்கிய கடையை விட்டுப் போக அவர் சற்று யோசிக்கவும் கூடும். எல்லாவற்றையும் வீடியோவில் பார்க்கலாமே என்பவர்களுக்கு ஒரே பதில்தான்: வீடியோவில் மூடியின் கனம் தெரியாது, மோட்டார் சத்தத்தின் அளவும் தெரியாது.

பணம் போடுகிறவன் நான், முடிவும் என்னுடையது என்று முதலாளி சொல்வதை நான் மறுக்கவில்லை. வாங்குவது எது என்பதை அவரே சொல்லட்டும். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை வேலை செய்கிறவருக்குக் கொடுக்கவேண்டும், அதுவும் புறப்படுவதற்கு முன்பே. அந்த உரிமை இல்லாமல் அழைத்துப்போனால் மாஸ்டர் முதலாளியின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். குழு வெறும் கூட்டமாகிவிடும். கூட்டமாகப் போகிறவர்களை எந்தக் கண்காட்சியிலும் அடையாளம் கண்டுவிடலாம்: ஐந்து பேரும் ஒரே ஸ்டாலில் இலவச ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், ஐந்து கைகளிலும் ஒரே கேட்லாக் இருக்கும். முதல் நாள் அவரவர் வேலைக்கு உரிய ஸ்டால்களுக்குப் பிரிந்து போய், இரவு உட்கார்ந்து சண்டைபோட்டு, மறுநாள் தேறிய மூன்று நான்கு ஸ்டால்களுக்கு மட்டும் எல்லோரும் சேர்ந்து திரும்பிப் போவதே உருப்படியான வழி. அட்வான்ஸ் கொடுக்கும் பேச்சு ஊர் திரும்பிய பிறகு. 'கண்காட்சியில் மட்டும் இந்த விலை' என்பதை நம்பவேண்டாம். விற்க நினைப்பவர் அடுத்த வாரமும் விற்பார்.

அடுத்த கண்காட்சிக்கு உங்களால் ஒரே ஒரு டிக்கெட்தான் கூடுதலாக எடுக்க முடியும் என்றால், அதை மேனேஜருக்கு எடுக்காதீர்கள். பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு எடுங்கள்.