பட்டவனே அறிவான்

எல்லே ஆட்டத்தில், பந்தைத் தடியால் அடித்துவிட்டு ஓடும் பையன் அடுத்த தரிப்பை அடையுமுன் எதிரணியார் பந்தை அவன்மீது எறிந்து படச்செய்தால் அவன் ஆட்டமிழப்பான். பட்டதோ படவில்லையோ என்பதை நடுவரினும் அவனே நன்கறிவான்.

நடுவர் தவறிழைத்தால் ஆடுவோர் திருத்தலாகாதா? 1980இல் பம்பாயில், பந்து மட்டையிற் பட்டுப் பிடிபட்டதென நடுவர் வெளியேற்றிய இங்கிலாந்து வீரர் பொப் ரெய்லரை, படவில்லையென நம்பிய இந்திய அணித்தலைவர் விஸ்வநாத் திரும்ப அழைத்து ஆடச்செய்தார். இந்தியா 10 விக்கெட்டுகளால் தோற்றது. அவர் தலைவர், அவர் சொல்லைத் தடுப்பார் இல்லை. நம் சிறுவரைப் பயிற்றுநர் வாய்திறக்க விட்டாலல்லவா!

சண்டிலிப்பாயில் நாம் கண்ட ஓர் ஆட்டத்தில் இத்தகைய ஐயம் எழுந்தது. இரு பயிற்றுநரும் மைதானத்துள் இறங்கினர். காலையில் "வாருங்கள், மாஸ்ரர்" என்றவர்கள் "நீர் பேசாதையும்" என்னுமளவுக்கு வந்துவிட்டனர். நடுவரோ இளைஞர், பாவம், இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பையன், "பட்டது, சேர்" என்று தொடங்கினான். "நீ சும்மா நில்லடா" என்று அவனுடைய பயிற்றுநரே அதட்டினார். பையன் சொல்லோடு முடிந்திருக்கவேண்டிய வழக்குக் கால்மணி நேரம் நீண்டது. இறுதியில் நடுவர், படவில்லை என்றார். பெற்றோர் கைதட்டினர். பையன் எவரையும் பாராது ஓடினான். அவன் வெண்சட்டையின் முதுகில் மண்வட்டம் ஒன்று இருந்தது.