காதால் திருத்துகிறவர்கள்

மதுரையில் அந்த மாடி அறைக்குள் நுழைந்தபோது விளக்கு எரியவில்லை. நான்கு மடிக்கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றின் திரைகளை அணைத்து வைத்திருந்தார்கள். பேட்டரி மிச்சமாம்.

"அய்யோ, நீங்க வர்றது ஞாபகம் இல்லாமப் போச்சு சார், லைட்டைப் போடுறேன்" என்று எழுந்தவர் சுவரைத் தடவாமலே சுவிட்சைத் தட்டினார். வங்கி ஊழியர். மற்றவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை, இருவர் கல்லூரி மாணவர்கள். நால்வருக்கும் பார்வை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, தாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள்களின் தமிழைச் செப்பனிடுகிறார்கள். சம்பளம் கிடையாது. டீச் செலவு வங்கி ஊழியருடையது.

கணினிகளிலிருந்து வந்த ஓசை தமிழ் என்று எனக்குப் பிடிபடச் சற்று நேரம் ஆனது. சூடான எண்ணெயில் கடுகு வெடிக்கிற வேகம். இயந்திரக் குரல், இனிமை என்று எதுவும் இல்லை. ஆசிரியை அதை நிறுத்தி, நான்கு மடங்கு மெதுவாக்கி, எனக்காக மறுபடி ஓடவிட்டார். மின்னஞ்சல் ஒன்றின் முதல் பத்தி அது. நான் அதைக் கேட்டு முடிப்பதற்குள் பக்கத்து நாற்காலி மாணவர் இரண்டு மின்னஞ்சல்களைக் கடந்துவிட்டார்.

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைத் தமிழில் திரைநவிலி என்கிறார்கள். இந்த அறையில் ஓடுவது என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006இல் இதை எழுதத் தொடங்கினார். நண்பர் ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள், சிறுவயதில் ஓர் இசை முகாமில் பழக்கமானவர்கள். விண்டோஸுக்கு அன்று பேர்பெற்றிருந்த ஜாஸ் என்ற திரைநவிலியின் விலை ஏறக்குறைய ஆயிரம் டாலர். கணினியைவிட, அதைப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கு அதிகம் கொடுக்க வேண்டியிருந்த காலம். பார்வை உள்ளவர் காசில்லாமல் பார்க்கும் திரையை, பார்வையற்றவர் மட்டும் ஏன் விலை கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதே அந்த இளைஞர்களின் கேள்வி. 2019இல் வெப்எய்ம் என்ற அமைப்பு நடத்திய பயனர் கணக்கெடுப்பில், முதன்மைத் திரைநவிலியாக என்விடிஏவைச் சொன்னவர்கள் 40.6 விழுக்காடு, ஜாஸைச் சொன்னவர்கள் 40.1. இன்று என்விடிஏ ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. பென்டிரைவில் வைத்துக்கொண்டு எந்த இன்டர்நெட் சென்டரிலும் செருகி ஓட்டலாம். வங்கி ஊழியர் கல்லூரிக் காலத்தில் சட்டைப்பையில் அதோடுதான் திரிந்தாராம்.

மொழிபெயர்ப்பு வேலை பார்வைக்கு எளிது. கோப்பில் ஆங்கில வரி ஒன்று, அதற்குக் கீழே தமிழ் வரி ஒன்று. ஆனால் இங்கே சொற்களை எடை போடும் தராசு வேறு. ஒரு சொல் நாளொன்றுக்கு எத்தனை முறை காதில் விழும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். வலைப்பக்கத்தில் தொடுப்பு (லிங்க்) வரும்போதெல்லாம் திரைநவிலி "தொடுப்பு" என்று சொல்லியாக வேண்டும். ஒரு செய்தித் தளத்தில் நூறு தொடுப்புகள் இருக்கும். அந்த இடத்தில் "மீயுரை இணைப்பு" என்று வைத்தால் நூறு முறை இரண்டு மடங்கு நேரம். அகராதியில் அழகாக இருக்கும் கலைச்சொல் பல இங்கே தேறுவதில்லை. கலைச்சொல்லாக்கக் குழுக்களில் இந்த அறையிலிருந்து ஒருவரையாவது உட்கார வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

வரிசை இன்னொரு தொல்லை. "3 of 10" என்று ஆங்கிலம் சொல்வதைத் தமிழில் "10இல் 3" என்று திருப்பிப் போட வேண்டும். கணினி எண்ணை நிரப்பும் அடைப்புக்குறி இடம் மாறலாம். ஓர் எழுத்து பிசகினால் அந்த வரி வேலை செய்யாது.

அன்று மதியம் முழுக்க ஓடியது குரல் பற்றிய வேலை. என்விடிஏவுக்குள் பேசுவது ஈஸ்பீக் என்ற ஒலிப்பான். ஜொனாதன் டடிங்டன் 1995இல் ஏகார்ன் கணினிகளுக்காக எழுதிய நிரலிலிருந்து வளர்ந்தது. 2015 முதல் வேறு தன்னார்வலர்கள் எடுத்து நடத்துகிறார்கள். யாருடைய பதிவுசெய்த குரலும் இதில் இல்லை. கணக்குப் போட்டே ஒலியை உண்டாக்குகிறது. அதனால் அளவு சில மெகாபைட்தான். நிமிடத்துக்கு 450 சொல் வரை முடுக்கினாலும் எழுத்து குழையாது. மனிதக் குரல் போன்ற இனிய ஒலிப்பான்கள் வந்த பின்னும் பலர் இதை விடாததற்கு அதுதான் காரணம்.

தமிழில் சிக்கல் எழுத்திலேயே தொடங்குகிறது. கல், தங்கம், மகன் — மூன்றிலும் ஒரே க, ஒலி மூன்று. சொல்லின் முதலில் வல்லொலி, மெல்லினத்தின் பின் அதிர்வொலி, இரண்டு உயிர்களுக்கு நடுவே தளர்வு. இவற்றை விதியாக எழுதிவிடலாம். காந்தி அந்த விதிக்குள் அடங்கமாட்டார். கங்கையும் மாட்டாள். பாரதி மாட்டவே மாட்டார். விதியை மட்டும் நம்பினால் பாண்டி என்ற சொல்லில் வரும் பகரத்தைப் போட்டே ஈஸ்பீக் அவரையும் கூப்பிடும். இத்தகைய சொற்களுக்குத் தனியே விலக்குப் பட்டியல் உண்டு. அதை நிரப்பும் வேலைக்கு முடிவு இல்லை.

"பாவம்னு ஒரு சொல்லு இருக்குல்ல சார்," என்றார் மாணவர். "பரதநாட்டியத்துல வந்தா ஒரு ஒலி, இரக்கப்பட்டா வேற ஒலி. எழுத்து ஒண்ணுதான். இதுக்கு என்ன விதி எழுதுறது?"

"எழுத முடியாதுடா தம்பி. விட்டுட்டு அடுத்ததுக்குப் போ" என்றார் ஆசிரியை.

திருத்தத்தைக் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளம் வழியே அனுப்புகிறார்கள். அங்கே அதைச் சரிபார்ப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எந்தச் சொல், தற்போது எப்படி ஒலிக்கிறது, எப்படி ஒலிக்க வேண்டும், மாற்றினால் வேறெந்தச் சொல்லும் கெடாது என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். மாணவர்கள் இருவருக்கும் இலக்கணமும் ஆங்கிலமும் ஒருசேரக் கைவந்தது இப்படித்தான். ஏற்கப்பட்டுவிட்டால் அடுத்த பதிப்பில் அது விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என்று ஈஸ்பீக் பேசும் இடமெல்லாம் போய்ச் சேரும். அடையாற்றில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், யார் யாரோ பாரதியைச் சரியாகக் கேட்பார்கள். திருத்தியவர் யாரென்று தெரியாது.

கிளம்பும்முன் வங்கி ஊழியர் ஒன்று சொன்னார். வருவதாகச் சொல்லி முந்தைய வாரம் அவருக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருந்தேன். கையால் எழுதி, படம் பிடித்து, வாட்ஸ்ஆப்பில். "அதுல கணினிக்கு எழுத்தே கிடைக்கல சார். எங்க அண்ணியைப் படிக்கச் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்." கோபம் இல்லாமல் சொன்னார், எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது. தமிழக அரசு ஒருங்குறியை (யூனிகோடு) 2010இலேயே ஏற்றுக்கொண்டது. இன்னமும் சுற்றறிக்கைகளும் அழைப்பிதழ்களும் ஸ்கேன் செய்த படமாகவோ, பழைய எழுத்துருவிலோ வருகின்றன. பழைய எழுத்துருவில் உள்ளதைத் திரைநவிலி படித்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக உளறும்.

நிரல் எழுதத் தெரியாதவர்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை வேலையில் பங்கெடுக்கலாம். அடுத்த முறை குடியிருப்போர் சங்க அறிவிப்பையோ கல்யாணப் பத்திரிகையையோ படமாக அனுப்பும்போது, கீழே நான்கு வரியை ஒருங்குறியில் தட்டச்சு செய்து சேர்த்துவிடுங்கள்.