மூணு மரமும் ஒரு பொய்யும்

எங்க வீட்டுப் பரண்ல ஒரு படகு இருக்கு. நாலு அடி நீளம், ரெண்டே கால் அடி அகலம். நடுவுல ஒரு உடம்பு, ரெண்டு பக்கமும் ஒல்லியா ஆளுக்கொரு மிதவை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டைச் சுத்தம் பண்றப்ப அம்மா, ‘இந்தச் சிலந்தியைத் தூக்கிப் போட்டுரட்டுமா?’னு கேட்பாங்க. ‘வேணாம்மா’னு சொல்லிடுவேன். ஏன்னு அம்மாகிட்ட இதுவரைக்கும் சொன்னதில்லை. உங்ககிட்ட சொல்றேன்.

அது எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். மெக்கானிக்கல். மொத்தம் மூணு பேர்... நான், கிளாஸ் டாப்பர், அப்புறம் எங்க மதுரைக்காரன். மத்த டீம் எல்லாம் ரெடிமேடா கிடைக்கிற ப்ராஜெக்ட்டை வாங்கிட்டு ஜாலியா தியேட்டருக்குப் போய்க்கிட்டு இருந்தப்ப, டாப்பர் ஒரு ராத்திரி ‘டீப் வாட்டர்’ங்கிற டாக்குமென்டரியைப் பார்த்துட்டு வந்து எங்களை எழுப்பினான். ‘மச்சான், ட்ரைமரன் பண்றோம்.’

‘அது என்னடா, மாத்திரை பேர் மாதிரி இருக்கு?’னு கேட்டான் மதுரைக்காரன்.

பேர்ல பாதி நம்ம ஊர் சரக்குதான். நம்ம கட்டுமரத்தைப் பார்த்துட்டுப் போன வெள்ளைக்காரங்க ‘கேட்டமரன்’னு ஆக்கினாங்க. அப்புறம் அந்தப் பேரைத் தூக்கி ரெட்டை உடம்புப் படகுக்கு வச்சுட்டாங்க. உண்மையில நம்ம கட்டுமரம் நாலஞ்சு மரத்தைச் சேர்த்துக் கட்டினது. நடுவுல இடைவெளி விட்டு ரெண்டு உடம்பு, பக்கவாட்டுல மிதவைனு படகு கட்டினது பசிபிக் தீவுக்காரங்க. 1940-கள்ல அமெரிக்காவுல குடியேறின விக்டர் செட்செட்ங்கிறவர், மூணு உடம்பு இருக்கிறதால ‘ட்ரை’யை முன்னாடி ஒட்டி ‘ட்ரைமரன்’னு ஆக்கினார். ஆக, அர்த்தம் பார்த்தா மூணு மரம். அவ்வளவுதான்!

இந்தப் படகோட சூட்சுமம் ரொம்ப சிம்பிள். சாதாரணப் பாய்மரப் படகு காத்துல சாயாம இருக்க, அடியில ஈயமோ இரும்போ கட்டித் தொங்க விடுவாங்க. மொத்த எடையில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு அந்தச் சுமைக்கே போயிடும். ட்ரைமரன்ல அந்தச் சுமையே கிடையாது. கையை ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு வரப்புல நடக்கிற மாதிரி, மிதவைகளை அகலமா விரிச்சு வச்சுத்தான் நிக்குது. லேசான எடை, ஒல்லியான உடம்பு. அதனால பறக்கும். ஆனா ஒரு வில்லங்கம் இருக்கு. ஈயம் கட்டின படகு தலைகீழா போனாலும் பொதுவா உருண்டு எழுந்திருச்சிடும். ட்ரைமரன் ஒரு தடவை முழுசா கவிழ்ந்தா, தலைகீழாவும் அதே ஸ்டெடியா நிக்கும். எந்திரிக்கவே எந்திரிக்காது.

இதை ஏழை பாழைக்கும் எட்ட வச்சவர் ஆர்தர் பைவர். கலிஃபோர்னியாக்காரர், அச்சுத் தொழில்ல இருந்தவர். ப்ளைவுட் சட்டங்கள், அதை இணைக்க நீளவாக்குல ரீப்பர், மேல ப்ளைவுட் பலகை, அதுக்கு மேல ஃபைபர் கிளாஸ் போர்வை. வீட்டுக் கொல்லையில ஆணி அடிக்கத் தெரிஞ்ச யாரும் கட்டிடலாம்னு பிளான் போட்டு வித்தார். 1960-ல தானே கட்டின 30 அடி படகுல அட்லாண்டிக்கைத் தாண்டினார். 1968-ல தனியா ட்ரைமரன்ல போனவர் திரும்பி வரவே இல்லை. அவரோட டிசைன்கள்ல ஒண்ணுதான் ‘விக்ட்ரஸ்’. 40 அடி நீளம், 22 அடி அகலம். அதைத்தான் பத்துல ஒரு பங்கா சுருக்கி நாங்க செஞ்சோம்.

காசிமேட்டுல ஃபைபர் போட் ரிப்பேர் பண்ற அண்ணன் ஒருத்தர்கிட்ட ரெசின் வாங்கப் போனோம். எங்க மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிச்சார். மிதவை மேல நாங்க வச்சிருந்த சின்ன மூடியை விரலால தட்டினார்.

‘தம்பி, உடம்பெல்லாம் நல்லாத்தான் பூசியிருக்க. இந்த ஸ்குரு ஓட்டையை யாரு அடைப்பா?’

‘சின்ன ஓட்டைதானேண்ணே...’

‘தண்ணிக்கு அது வாசக்கதவுப்பா.’

தலையாட்டிட்டு வந்துட்டோம். அடைக்கலை. டைம் இல்லை.

சிவில் டிபார்ட்மென்ட் தண்ணித் தொட்டியில டெஸ்ட். மாஸ்ட் உச்சியில நூலைக் கட்டி, ஸ்ப்ரிங் தராசால இழுத்து, அஞ்சஞ்சு டிகிரியா சாய்ச்சு, எவ்வளவு பலத்தோட அது நிமிரப் பார்க்குதுனு குறிக்கணும். வலது பக்கம் சூப்பரா வந்துச்சு. கிராஃப் மலை மாதிரி ஏறி, 20 டிகிரிக்கு அப்புறம் அழகா இறங்குச்சு. இடது பக்கம்? முதல் தடவை கொஞ்சம் கம்மி. ரெண்டாவது தடவை இன்னும் கம்மி. மூணாவது தடவை... வேணாம் விடுங்க.

மறுநாள் காலையில ரிப்போர்ட் குடுக்கணும். பைண்டிங் கடைக்காரர் எட்டு மணிக்கு ஷட்டரை இழுத்துடுவார். டாப்பருக்கு கேம்பஸ்ல வேலை கிடைச்சிருந்துச்சு, மார்க் குறையக்கூடாது. ‘படகு ரெண்டு பக்கமும் ஒண்ணுதானடா? வலது ரீடிங்கையே இடதுக்கும் போடு’ன்னான். அப்படியே போட்டா காப்பின்னு தெரிஞ்சிடும்ல? அதனால ஒரு இடத்துல ரெண்டு கிராம் கூட்டி, ஒரு இடத்துல மூணு கிராம் குறைச்சு, மேலாப்புல உப்பு தூவினது நான்தான். சொன்னா நம்ப மாட்டீங்க, நிஜ ரீடிங் எடுக்கிறதைவிட அது கஷ்டமா இருந்துச்சு.

இதுல கேவலம் என்னன்னா, இதே கதையை நாங்க மூணு பேரும் ஏற்கெனவே ஸ்க்ரீன்ல பார்த்திருந்தோம். டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் கதை.

1968-ல லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ ஒரு பந்தயம் வச்சாங்க. தனியா, எங்கயும் நிக்காம, கடல் வழியா உலகத்தைச் சுத்தணும். வேகமா சுத்தினவருக்கு 5,000 பவுண்ட். க்ரோஹர்ஸ்ட் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர், கடன்ல இருந்த சின்ன கம்பெனி ஓனர். விக்ட்ரஸ் டிசைன்ல ‘டெய்ன்மவுத் எலெக்ட்ரான்’னு படகு கட்டினார். கவிழ்ந்தா எந்திரிக்காதுன்னேன்ல, அதுக்கு ஒரு அபார ஐடியா வச்சிருந்தார். மாஸ்ட் உச்சியில ஒரு காத்துப் பை. படகு ஓவரா சாஞ்சா கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சு கேஸ் அடிச்சுப் பையை ஊதிடும். படகு முழுசா கவிழாம பக்கவாட்டுல படுத்துக்கும். மேல தூக்கிக்கிட்டு நிக்கிற மிதவைக்குள்ள தண்ணியை பம்ப் பண்ணினா, அந்த எடையில நிமிர்ந்துடும்.

பையை வச்சார். படகெல்லாம் வயரும் இழுத்தார். கம்ப்யூட்டர்? அதைச் செய்யவே நேரமில்லை. வயரெல்லாம் எங்கயும் சேராம தொங்கினபடி, கிளம்பறதுக்குக் கடைசி நாளான அக்டோபர் 31-ம் தேதி கிளம்பிட்டார். கடலுக்குப் போன கொஞ்ச நாள்லயே மிதவை மூடி வழியா தண்ணி உள்ள வந்துடுச்சு. தண்ணியை இறைக்கிற பம்புக்கான ஹோஸ் கரையிலேயே கிடந்தது. பக்கெட்டால இறைச்சார். இந்தப் படகு தென் கடல் அலையைத் தாங்காதுனு அவருக்கே தெரிஞ்சுபோச்சு. திரும்பிப் போனா கடன்ல எல்லாம் போயிடும். டிசம்பர்ல ஒரே நாள்ல 243 மைல் போனேன்னு ரேடியோவுல ஒரு பொய் சொன்னார். அப்புறம் அட்லாண்டிக்லயே சுத்திக்கிட்டு, உலகத்தைச் சுத்தற மாதிரி பொய்க் கணக்கு. போகாத ஊர்ல சூரியன் எந்த உயரத்துல இருக்கும்னு பின்னாடியிருந்து கணக்குப் போடறது, நிஜமா படகோட்டறதைவிட கஷ்டமான வேலை. ரிப்பேருக்காக அர்ஜென்டினாவுல ரகசியமா கரை ஏறினார், அது பந்தய விதிப்படி தப்பு.

பலரும் அவரைப் பத்தியே பேசுவாங்க. எனக்கு நைஜல் டெட்லிதான் ஞாபகம் வரும். கடற்படை ஆபீசர். அவரும் அதே விக்ட்ரஸ்ல, அதே பந்தயத்துல. அவர் நிஜமாவே உலகத்தைச் சுத்தி, போன பாதையையே குறுக்கே வெட்டிட்டு ஊர் திரும்பிக்கிட்டு இருந்தார். படகு ஏற்கெனவே தளர்ந்து போயிருந்துச்சு. மெதுவா ஓட்டியிருந்தா ஒருவேளை வீடு வந்திருக்கும். பின்னாடி க்ரோஹர்ஸ்ட் துரத்திக்கிட்டு வர்றதா ரேடியோ சொல்லுது. விரட்டி ஓட்டினார். 1969 மே மாசம் அசோர்ஸ் தீவுகள் பக்கம் புயல். ஒரு மிதவையோட முன்பகுதி பிஞ்சு, நடு உடம்புலயும் ஓட்டை விழுந்து, படகு முங்கிடுச்சு. உயிரோட மீட்டாங்க. டெட்லி தோத்ததால இனி தன்னோட கணக்கை எல்லாரும் நோண்டுவாங்கனு க்ரோஹர்ஸ்ட்டுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஜூலை 10-ம் தேதி அவரோட படகு ஆளில்லாம மிதந்தது. உள்ளே நிஜக் கணக்கும் பொய்க் கணக்கும் பத்திரமா இருந்துச்சு. (பந்தயத்தை முடிச்ச ஒரே ஆள் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவரோட ‘சுஹைலி’ நம்ம பம்பாயில கட்டின தேக்குப் படகு. பரிசுப் பணத்தை க்ரோஹர்ஸ்ட் குடும்பத்துக்கே குடுத்துட்டார். மனுஷன்!)

சரி, எங்க கதைக்கு வருவோம். வைவா அமோகமா போச்சு. வந்த எக்ஸ்டர்னல் கிராஃபைப் பார்த்து, ‘குட் சிமெட்ரி’ன்னார். டாப்பர் என் காலை மிதிச்சான். டாப் கிரேடு. டிரீட், பரோட்டா, எல்லாம் முடிஞ்சுது.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஜூனியர் பையன் ஹாஸ்டல் ரூமுக்கு வந்தான். கையில எங்க ரிப்போர்ட்டோட ஜெராக்ஸ். ‘அண்ணா, உங்க டிசைனை நாங்க 14 அடியில பெருசா பண்றோம். நாங்களே உட்கார்ந்து ஏரியில ஓட்டப் போறோம். மிதவை மூடி எப்படிப் போட்டீங்கன்னு ரிப்போர்ட்ல இல்லையேண்ணா?’

வயித்துல என்னவோ பண்ணுச்சு. 40 அடிப் படகைவிட 14 அடிப் படகு சீக்கிரம் கவிழும். இது ரிப்போர்ட்ல நாங்களே எழுதின சங்கதி. படகைப் பத்து மடங்கு பெருசாக்கினா, கவிழ்க்கிற பலம் ஆயிரம் மடங்குதான் ஏறும். பாயோட பரப்பு நூறு மடங்கு, உயரம் பத்து மடங்கு. நிமிர்த்துற பலமோ பத்தாயிரம் மடங்கு ஏறும். எடை ஆயிரம், அகலம் பத்து. சுருக்கினா அப்படியே உல்ட்டா. 40 அடிப் படகு தாங்குற காத்து வேகத்துல சுமார் 60 சதவீதத்தைத்தான் 14 அடி தாங்கும். அதுலயும் இடது மிதவையில தண்ணி புகுந்தா?

‘நாளைக்குச் சொல்றேன்டா’ன்னு அனுப்பிட்டேன். ராத்திரி டாப்பர்கிட்ட பேசினேன். ‘நம்ம கிரேடு வந்தாச்சு. அவனுங்ககிட்ட மூடியை நல்லா அடைக்கச் சொல்லு, போதும். எதுக்கு கிராஃப் மேட்டரைக் கிளர்ற?’ அவன் சொன்னதும் நியாயமாத்தான் பட்டுச்சு. ஆனா அந்தப் பையன் மூடியை அடைச்சாலும், எவ்வளவு காத்துல பாயை இறக்கணும்னு முடிவு பண்ணப் போறது எங்க கிராஃபைப் பார்த்து. அந்த கிராஃப்ல பாதியை எழுதினது படகு இல்லை, நான்.

காலையில கைடு ரூமுக்குப் போய் சொல்லிட்டேன். உப்பு தூவினது வரைக்கும். சார் கொஞ்ச நேரம் பேசலை. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். ‘லெஃப்ட் ஃப்ளோட்டைத் திறந்து பார்த்தீங்களா?’னு மட்டும் கேட்டார்.

திறந்தே பார்க்கலைங்க! அதுதான் அசிங்கம். அன்னிக்கு சாயங்காலம் மூடியைக் கழட்டிக் கவுத்தினோம். அளவு ஜாடியில பிடிச்சா 400 மில்லி. நிஜ அளவுக்கு ஆயிரத்தால பெருக்கினா 400 லிட்டர்... ரெண்டு பெரிய ட்ரம் தண்ணி. எங்க ப்ராஜெக்ட்லயே உருப்படியான கண்டுபிடிப்பு அதுதான். அதைத்தான் ரிப்போர்ட்ல இருந்து அழிச்சிருந்தோம்.

கிரேடு ஒரு படி இறங்குச்சு. மூணு பேருக்கும். டாப்பரோட வேலை போகலை, ஆனா அவன் என்கிட்ட ஒரு வருஷம் பேசலை. இப்பவும் பழைய மாதிரி இல்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன், அவனைக் கேட்காம அவன் மார்க்கை நான் குடுத்துட்டேன்.

லீவுல ஜூனியர்களோட உட்கார்ந்து எல்லாத்தையும் மறுபடி டெஸ்ட் பண்ணினோம். இந்தத் தடவை மூடியை மிதவை மேல்தட்டுல கொஞ்சம் உயர்த்தி, சுத்தி ரப்பர் வச்சு, ஸ்குரு ஓட்டை ஒவ்வொண்ணையும் எபாக்ஸி ஊத்தி அடைச்சோம். ஒவ்வொரு மிதவையையும் தடுப்பு போட்டு நாலு அறையா பிரிச்சோம். ஒண்ணுல தண்ணி வந்தாலும் மத்த மூணு மிதக்கும். கடல் பயணத்துக்கு ட்ரைமரன் கட்டறவங்க இதுக்கும் மேல செய்வாங்க. கவிழ்ந்தா வெளிய வர நடு உடம்புல ஒரு அவசர ஜன்னல், தலைகீழா இருந்தாலும் கைக்கு எட்டற இடத்துல தண்ணி, விளக்கு, ரேடியோ. புயல்ல முகத்தை அலைக்கு நேரா வச்சுக்க, முன்னாடி கயிறு கட்டித் தண்ணிக்குள்ள விரிக்கிற பாராசூட். அப்புறம் முக்கியமா, சாமான் குறைச்சு ஏத்தறது. ஏறின ஒவ்வொரு மூட்டையும் வேகத்தையும் தின்னும், இணைப்புகளையும் தின்னும். ஏரிக்கு இவ்வளவு தேவையில்லைதான். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் ஒருத்தனையும் கழட்ட விடலை.

முதல் நாள் 14 அடிப் படகு ஏரியில இறங்கினப்ப காத்து சுமாரா இருந்துச்சு. கைடு சார் கரையில குடை பிடிச்சுக்கிட்டு நின்னார். நானும் மதுரைக்காரனும் பக்கத்துல பரிசல்ல. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாயை இறக்கிட்டு, இடது மிதவை மூடியைத் திறந்து பார்க்கணும்னு ஜூனியர்கிட்ட ஸ்ட்ரிக்ட்டா சொல்லியிருந்தோம். முதல் அரை மணி ஆச்சு. பையன் ஊர்ந்து போய் மூடியைத் திறந்தான். கையை உள்ள விட்டுத் துழாவினான். எங்களுக்கு மூச்சே நின்னுடுச்சு.

கையைத் தூக்கிக் காட்டிக் கத்தினான்.

‘அண்ணா... காஞ்சிருக்குண்ணா!’