கருவுள்ள முட்டை

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு, பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. தறியோசை ஓயாத அத்தகைய ஊரிலும் கோழி வளர்ப்பார் உளர். வீட்டுப் பெட்டை ஒருநாள் கூடையை விட்டு எழாது; உடல் கொதிக்கும்; அருகில் சென்றால் சிறகைச் சிலிர்த்துக் கொத்தவரும். அது அடைக்கு அமர்ந்துவிட்டது. ஆனால் அது இட்ட முட்டைகளையோ வீட்டார் முன்னமே சமைத்து உண்டிருப்பர். இனி முட்டைக்கு எங்கே செல்வது?

மளிகைக் கடைக்கு ஓடுவார் பலர். கடை முட்டை பெரும்பாலும் நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வருவது. அங்குக் கூண்டில் வாழும் பெட்டைகள் சேவலைக் காண்பதே இல்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும்; அம்முட்டையில் உணவு உண்டு, உயிர்க்கரு இல்லை. பள்ளிச் சத்துணவில் வழங்கும் முட்டையும் இவ்வகையதே. உண்பதற்கு அதில் யாதொரு குறையும் இல்லை. அடைக்கு வைப்பதே தகாது. அடைக்கோழி 21 நாள் இரை குறைத்து, நாளுக்கு ஒருமுறையே எழுந்து நீர் பருகி, உடல் மெலிந்து தவங்கிடக்கும். அத்தவத்தின் கீழ் உயிரில்லாத முட்டையை வைப்பது வாயில்லா உயிருக்குச் செய்யும் வஞ்சனை அன்றோ!

ஆகவே, சேவலும் பெட்டைகளும் ஒருங்கே திரியும் வீட்டை நாடுதல் வேண்டும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இட்டு ஒரு வாரத்துக்கு உட்பட்ட, கீறலற்ற, கழுவாத முட்டைகளையே கேட்டுப் பெறுதல் நன்று. சித்திரை வெயிலில் வெளியே கிடக்கும் முட்டையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி மடிந்துவிடும். ஈரமணலில் பதித்த மண்பானைக்குள் முட்டையைச் சேர்த்து வைப்பது அதனால்தான். அடைக்கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் இடுவது ஒரு வழக்கம். இடியோசை முட்டையைக் கெடுக்காது என்பர். இடுவதால் தீங்கில்லை, ஆயினும் சேவல் இல்லாத குறையை இரும்பு தீர்க்காது.

ஓட்டை நோக்கிக் கருவை அறிதல் எவர்க்கும் இயலாது. அடைவைத்த ஏழாம் நாள் இரவில், இருட்டறையில், முட்டையின் பருத்த முனையில் கைவிளக்கைப் பொருத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். கருவுள்ள முட்டையில் ஒரு கரும்புள்ளியும் அதனின்று சிலந்திவலைபோல் பிரியும் செந்நரம்புகளும் தோன்றும். கருவில்லாதது வெறும் ஒளியாய்த் தெரியும். அதனை அப்பொழுதே நீக்கிவிடல் வேண்டும். நீக்காவிடின் அழுகிக் கூழ்முட்டையாகும். மக்கள் வழக்கில் கூமுட்டை என்பது இதுவே. ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டில் அடைமுட்டையின் வளர்ச்சியை நாள்முறையே நோக்கி, மூன்று நாள் கழிந்தபின் இதயம் ஒரு குருதிப்புள்ளியாய்த் துடிப்பதை எழுதி வைத்தார். ஏழாம் நாள் விளக்கொளியில் நாம் காண்பது அத்துடிப்பின் வளர்ச்சியே.

பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை எனத் தொல்காப்பிய மரபியல் பெயர் கூறும். அப்பார்ப்பு ஓட்டை உடைப்பதற்கு ஒருநாள் முன்னரே உள்ளிருந்து மெல்லக் கீச்சிடும். செவி சாய்த்தால் அவ்வொலி நமக்கும் கேட்கும். தாய்க்கோழி தாழ்ந்த குரலில் அதற்கு விடை தரும்.